வெயில் வராத பால்கனிக்கு எந்தச் செடி?

எதிரே இன்னொரு அடுக்குமாடி. தலைக்கு மேலே மாடி வீட்டு பால்கனி. சென்னைக் குடியிருப்புகளில் பலருடைய பால்கனிக்கு வெயில் வர வழியே இல்லை. ஆசையாக வாங்கி வந்த ரோஜா, வந்த மொட்டோடு சரி, அடுத்த மொட்டு விடாது. "எனக்குக் கைராசி இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். கைராசியில் குறை இல்லை. இடத்தைப் பார்க்காமல் செடியை வாங்கியதுதான் குறை. வாங்கப் போகும்முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. வெளிச்சத்தை முதலில் பாருங்கள். பகல் 12 மணிக்கு, தொட்டி வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை விரித்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை உருவம் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் இருண்ட இடம்.

2. திசையையும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி நிழலாக இருந்த வடக்கு பால்கனியில் கத்திரி சமயத்தில் காலையும் மாலையும் வெயில் அடிக்கலாம். தெற்கு பால்கனிக்கு நேர்மாறாக, மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே வரும். பருவத்துக்கு ஏற்பத் தொட்டியை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ வையுங்கள்.

3. ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலை, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் அவை வெளிச்சத்தைத் தேடி நெட்டுக்குத்தாக வளர்ந்து, இலை உதிர்ந்து, குச்சியாகி நிற்கும். மொட்டை மாடியில் இடம் கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.

4. இருண்ட மூலைக்கு ஸ்னேக் பிளான்ட், இசட்.இசட். செடி, முழுப் பச்சை மணி பிளான்ட் மூன்றும் தாங்கும். இசட்.இசட். செடி மண்ணுக்குள் கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் கவலை இல்லை.

5. நடுத்தர வெளிச்சத்துக்கு சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட், பெரணி, பீஸ் லில்லி. நிழலில் பூக்கும் செடி வேண்டும் என்பவர்கள் பீஸ் லில்லியை வாங்கலாம். தாகம் எடுத்தால் இலைகளைத் தொங்கவிட்டுக் காட்டும். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

6. காலையில் இரண்டு மணி நேரமாவது இளவெயில் வருகிறதா? பிகோனியா, கோலியஸ், காசித்தும்பை வையுங்கள், நிறத்துக்குக் குறைவிருக்காது.

7. சமையலறைக்குப் பயன்படும் செடிகளும் உண்டு. கொடிக்காலில் அகத்தி மர நிழலில் வளரும் வெற்றிலை, நம் பால்கனி நிழலுக்கும் பழகிக்கொள்ளும். கணுவுள்ள தண்டை நட்டு, படர ஒரு குச்சி ஊன்றி, மண் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளிச்சம் ஓரளவு இருக்கும் இடத்தில் வல்லாரை, புதினா, கற்பூரவல்லி, ரம்பை வரும். தென்னந்தோப்பில் ஊடுபயிராக வளரும் மஞ்சளையும் இஞ்சியையும் அகலமான தொட்டியில் வைக்கலாம். கிழங்கு சிறுத்தாலும், பொங்கலுக்குக் கட்ட மஞ்சள் கொத்து வீட்டிலேயே கிடைக்கும்.

8. வெள்ளையும் மஞ்சளும் கலந்த இலைகள் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் பச்சையாகவே வரும். அப்படிப்பட்ட வகைகளை பால்கனியின் வெளிச்சமான ஓரத்தில் வையுங்கள்.

9. குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் கவனம் தேவை. மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாம் சேம்பு குடும்பம். சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்கக் காரணமான ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் இலையிலும் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், அல்லது ஸ்பைடர் பிளான்ட், பெரணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. நர்சரியில் வெயிலில் நிற்கும் செடியை விட்டு, பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு நிழலுக்கு வந்ததும் அது அவ்வளவாக இலை கொட்டாது. இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, வாங்க வேண்டாம். வீட்டில் பின்னர் வந்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

11. "காற்றைச் சுத்தம் செய்யும்" என்ற சீட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நாசாவின் 1989-ஆம் ஆண்டு ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. காற்று வந்துபோகும் வீட்டுக்கு நாலைந்து தொட்டிகளால் அந்தப் பலன் வராது.

12. நிழலில் மண் மெதுவாகத்தான் காயும். எனவே ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் மண்தொட்டி நல்லது. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் நீர் தேங்காது, தொட்டியின் கனமும் குறையும்.

13. நிழல் செடிகள் தண்ணீர் இல்லாமல் வாடுவதைவிட, தண்ணீர் மிகுந்து வேர் அழுகுவதுதான் அதிகம். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள்; ஈரம் ஒட்டினால் அன்று ஊற்றாதீர்கள். வெற்றிலை, வல்லாரை, பெரணி மட்டும் விதிவிலக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாவற்றுக்குமே இன்னும் குறையுங்கள்.

14. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் நின்றால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இருமுறை தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

15. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். செடி ஒரு பக்கமாகச் சாயாது. ஈரத்துணியால் இலையின் தூசியைத் துடைத்தால், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் வீணாகாது.

ஒரே நாளில் பால்கனியை நிரப்ப வேண்டாம். மூன்று சிறிய தொட்டிகளோடு தொடங்குங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டி அவை நின்றுவிட்டால், நான்காவது தொட்டிக்குத் தைரியமாக நர்சரிக்குப் போகலாம்.