படங்கு கட்டத் தெரிந்த நமக்கு



கொழுந்தெடுக்கப் போகிற எந்த அக்காவாவது படங்கு கட்டாமல் மலையில் இறங்கியதுண்டா? செடிக்கம்பு குத்தும், பனித்தண்ணி வயிற்றை நனைக்கும் என்று அவருக்குத் தெரியும். யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா கட்டினா, மகளும் கட்டுறா. அதே காம்பராவில் இருந்து மருந்தடிக்கப் போகிற ஐயாவைப் பாருங்கள். கட்டைக் காற்சட்டை, கிழிந்த பனியன், காலில் ரப்பர் செருப்பு. அவ்வளவுதான்.

கொஞ்ச நாளைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் பதுளைப் பக்கத்துத் தம்பி ஒருவரைச் சந்தித்தோம். கொழும்பில் மாடிக் கட்டட வேலை செய்கிறார். “தொப்பியும் பூட்சும் இல்லாட்டி கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க சேர். ஒருநாள் பூட்ஸ் இல்லாம போயி அரைநாள் சம்பளம் போச்சு. எங்கப்பா இருபது வருசமா மருந்தடிக்கிறாரு. அவருக்கு இன்னும் செருப்புதான். சீமெந்துக்கு பூட்ஸ் வேணும்னா நஞ்சுக்கு வேணாமா?” என்று கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை. இந்தப் பாடம் அவருடைய அப்பாவுக்காக.

“நான் குடிக்கவா போறேன், அடிக்கத்தானே போறேன்” என்பார்கள் நம்ம ஆட்கள். இங்கேதான் பிழை. மருந்து வாய் வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் போகும். 1971இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெரத்தியன் என்ற பூச்சிமருந்தை வைத்து, உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் பட்டதில் 100க்கு சுமார் 9 பங்குதான் உள்ளே போனது. நெற்றியில் 36. அக்குளில் 64. ஆண்களின் விதைப்பையில் பட்டதோ கிட்டத்தட்ட முழுவதுமே உள்ளே போய்விட்டது. எல்லா மருந்தும் ஒரே அளவாகப் போகாதுதான். ஆனாலும் எந்த இடத்துத் தோல் மெல்லியது என்பது எல்லாருக்கும் ஒன்றே.

இப்போது முதுகில் தொங்கும் டேங்கை நினைத்துப் பாருங்கள். மூடி இறுக்கமில்லை, வாசர் தேய்ந்துவிட்டது, இறக்கத்தில் நடக்கும்போது மருந்து தளும்புகிறது. அது முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கி, காற்சட்டையை நனைத்து, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? கையுறை போட்டும் முதுகு நனைந்தால் பாதி வேலைதான் செய்தோம். அதனால் முதலில் ஒழுகாத டேங்க் வேண்டும். அடுத்தது, முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு பொலித்தீன். படங்கைத் திருப்பி முதுகில் கட்டினது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்சட்டைக் காலை பூட்சுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே சொருகினால் வடியும் மருந்து பூட்சுக்குள் தேங்கி நாள் முழுக்கக் காலை ஊறவைக்கும். முகத்தில் துணி கட்டுவது நல்லதென்று நினைக்கிறோம். மருந்தில் நனைந்த துணி நஞ்சை மூக்கிலேயே ஒட்டி வைக்கும், ஆவியையும் தடுக்காது. அதற்கென்று உள்ள முகக்கவசமும் கண்ணாடியும் கேளுங்கள். மருந்து கலக்கிறவருக்கு இவை இன்னும் அவசியம். அவர் கையில் இருப்பது தண்ணி கலக்காத நஞ்சு. நொசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். அந்தக் கையோடு வெற்றிலையும் வேண்டாம்.

பரகுவாட் 2008இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டுப் பின் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடையாகி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதிக்கப்பட்டது. மருந்து மாறும், பெயர் மாறும். அடிக்கிற முதுகு அதேதான்.

தோட்டம் உடுப்பு தரவில்லையென்றால்? பிரட்டுக்களத்திலேயே, டேங்கைத் தோளில் போடும் முன் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு நாலு பேராகப் போங்கள். 1942ம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஃபெக்டரிக்குள் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. மலையில் நிற்பவருக்கு அது பெரிதாகக் கைகொடுக்காது. நம் ஆட்கள் வாய் திறக்க வேண்டியிருப்பது அதனால்தான். வெக்கை தாங்காது என்பது உண்மை. அதற்கு வழி உடுப்பைக் கழற்றுவதல்ல, காலை நேரத்திலேயே அடித்து முடிக்கக் கேட்பது.

வேலை முடிந்ததும் கையுறையைப் போட்டபடியே கழுவி, பிறகு கழற்றுங்கள். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அக்காமாரே, அந்த உடுப்பைப் பிள்ளைத் துணியோடு ஊறப்போடாதீர்கள். வாளியும் வேறாக இருக்கட்டும்.

தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை, வாயில் எச்சில் வடிதல் கண்டால் “பித்தம்” என்று கசாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நனைந்த உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, உடனே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள். போத்தலின் லேபலும் கையில் இருக்கட்டும். என்ன மருந்தென்று தெரியாமல் டாக்டர் தடுமாறுவார். வந்த நேரத்தையும் அடித்த மருந்தின் பெயரையும் அன்றைக்கே புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 1934ம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் பிறகு கேட்கப் போனால், முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.