சக்கரப் பலகைக்காரர்கள் எழுதிய வரலாறு

அன்புள்ள தம்பி,

ஸ்கேட்போர்டு வாங்கிய நாளிலிருந்து வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவதாக எழுதியிருந்தாய். பார், நல்லதுதான். அவற்றை எடுத்தவர்கள் யார் என்றும் தெரிந்துகொள். இந்த விளையாட்டு உலகமெல்லாம் பரவியதற்குப் பாதிக் காரணம் அவர்கள்தான்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாண்டா மோனிகாவின் தென்கோடியையும் வெனிஸ் கடற்கரையையும் சேர்த்து 'டாக்டவுன்' என்பார்கள். 1970களில் அது இடிந்து கிடந்த கேளிக்கைப் பூங்காவும் ஏழைக் குடும்பங்களுமாக இருந்த பேட்டை. அலைச்சறுக்கு விளையாடிய அந்தப் பேட்டைப் பிள்ளைகள், அலை இல்லாத நேரத்தில் பலகையோடு தெருவில் இறங்கினார்கள். பழைய களிமண் சக்கரம் சின்னக் கல் பட்டாலே நின்று ஆளைக் கவிழ்த்துவிடும். யூரித்தேன் சக்கரம் வந்தபின் பலகை தரையை இறுகப் பற்றி ஓடியது. 1976-77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வசதியானவர்களின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. வேலி தாண்டிக் குதித்து, குளத்தின் வளைந்த சுவரில் அலைமேல் ஏறுவதுபோலவே ஏறி இறங்கினார்கள்.

அந்தப் பேட்டையோடு முடிந்திருக்க வேண்டிய கதை இது. கிரெய்க் ஸ்டெசிக் அதை முடியவிடவில்லை. அவரும் அதே பேட்டைக்காரர். கேமரா, எழுத்து இரண்டும் கைவந்தவர். 1975 முதல் 'ஸ்கேட்போர்டர்' இதழில் புனைபெயர்களில் எழுதினார். யார் ஜெயித்தார் என்பது அவருக்குப் பெரிதில்லை. அந்தப் பிள்ளைகளின் பேச்சு, உடை, திமிர், சுற்றியிருந்த சுவர்க் கிறுக்கல்கள் எல்லாம் எழுத்தில் வந்தன. கடலையே பார்த்திராத ஊர்களிலும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பலகையைத் தூக்கினார்கள். விளையாட்டுச் செய்தி என்ற பெயரில் வருவதைவிட அது எவ்வளவோ உயர்ந்த எழுத்து என்பேன்.

பிறகு வீடியோ வந்தது. படம்பிடிப்பவரும் இன்னொரு பலகையில் ஏறி, குனிந்தபடி பின்னாலேயே உருண்டு வருவார். கேமரா தரைக்குச் சாண் உயரத்தில், முன்னே ஃபிஷ்ஐ லென்ஸ். பின்கால் பலகையின் வாலை உதைக்கும் சத்தம், முன்கால் மேலே இழுக்கப்படும்போது பலகைமேல் ஒட்டிய உப்புத்தாளில் ஷூ தேயும் சத்தம், எல்லாம் பதிவாகும். தானும் ஓட்டத் தெரியாதவரால் இதை எடுக்க முடியாது. 1991இல் 'வீடியோ டேஸ்' என்ற ஸ்கேட்போர்டு வீடியோவை எடுத்த ஸ்பைக் ஜோன்ஸ்தான் பின்னாளில் 'ஹெர்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார்.

ஊருக்கும் பலகைக்காரர்களுக்கும் ஓயாத வழக்கு உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க் சதுக்கத்தில் பலகை ஓட்டத் தடை வந்தது. அந்தச் சதுக்கத்தை மாணவப் பருவத்திலேயே கனவு கண்ட நகரத் திட்டவல்லுநர் எட்மண்ட் பேக்கன் 2002இல், தம் 92ஆம் வயதில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அங்கே பலகைமேல் ஏறி எதிர்ப்புத் தெரிவித்தார்.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய குறையும் உண்டு. டாக்டவுனின் பேர்பெற்ற செஃபிர் ஸ்கேட்போர்டு அணியில் ஒரே பெண் பெகி ஓக்கி. அதற்குப் பின்னும் நெடுங்காலம் இதழ்களிலும் வீடியோக்களிலும் பெரும்பாலும் பையன்கள்தான். ஓட்டிய பெண்கள் இருந்தார்கள், எடுக்க ஆளில்லை. அண்மையில்தான் இது மாறத் தொடங்கியது. 2020 பாஃப்டா விருதில், பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில், ஸ்கேட்போர்டு ஓட்டக் கற்கும் காபூல் சிறுமிகளைப் பற்றிய படம் வென்றது. அதோடு போட்டியிட்ட 'கமலி', பலகை ஓட்டும் நம் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் கதை.

நீயும் வெறுமனே பார்த்துக்கொண்டிராதே. உன் தெருவில் யார் ஓட்டுகிறார்கள், எங்கே விரட்டுகிறார்கள், உங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று எழுதி வை, போனில் எடு. பெண்பிள்ளைகள் ஓட்டினால் அவர்களையும் விடாமல் எடு. முதலில் எழுதுவதை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்