அபூர்வக் கள்ளிகளை வீட்டு விதையினின்று வளர்த்தல்

கள்ளி என்றதும் குடியானவருக்கு நினைவில் எழுவது சப்பாத்திக்கள்ளியே. மேய்ச்சல் நிலங்களைக் கவர்ந்து பெருந்தொல்லை விளைத்துவந்த அச்செடியை, 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்குக் கொணரப்பட்ட கொச்சினீல் பூச்சி பெரும்பாலும் அழித்தது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில ஜாதிகளோ, காப்பாற்ற முயன்றும் அருகி வருகின்றன. (நம் நாட்டுச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பாலுள்ள வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவை, அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

மெக்ஸிகோ தேசத்தின் வடகிழக்கிலும் டெக்ஸாஸின் தென்கோடியிலும் வளரும் ஆஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்பது முள்ளின்றித் தரையோடு தட்டையாய் நட்சத்திரமீன்போல் அமைந்திருக்கும். ஏரியோகார்ப்பஸ் என்பது பார்வைக்குக் கல்லே. 1928-இல் ரிட்டர் என்பவர் நுவோ லியோன் மாகாணத்தில் கண்டெடுத்த அஸ்டெக்கியம் ரிட்டரி செங்குத்தான பாறைச் சுவர்களில் ஒட்டி வாழ்வது. சேகரிப்போர் இவற்றை வேருடன் தோண்டியெடுத்து விற்றமையால் இவை பலவிடங்களில் குன்றின. 1975-இல் அமுலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இம்மூன்றும் இடம்பெற்றுள்ளன; காட்டுச் செடிகளை வியாபாரத்திற்காக நாடுவிட்டு நாடு அனுப்புதல் கூடாது. ஆகவே, இவற்றை விரும்புவோர் விதையினின்று வளர்த்தலே தகும்.

முதலில் கவனிக்கற்பாலது மகரந்தச் சேர்க்கை. ஆஸ்டீரியாஸும் ஏரியோகார்ப்பஸும் சாதாரணமாகத் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. வெவ்வேறு விதையினின்று தோன்றிய இரு செடிகள் ஒரே நாளில் மலர்தல் வேண்டும். ஒரே செடியின் பக்கக் கன்றுகளிரண்டும் ஒரு செடியாகவே கருதப்படும். நண்பகலில் மலர் நன்கு விரிந்தபின் மெல்லிய மயிர்த்தூரிகையால் மகரந்தத்தை மாற்றி மாற்றித் தடவலாம். அருகில் வேறு ஆஸ்ட்ரோபைட்டம் ஜாதி பூத்திருப்பின், தேனீக்கள் கலப்பினம் உண்டாக்கிவிடும்; முன்னதாகவே மெல்லிய துணியால் மூடிவைத்தல் நலம். பெற்றோர் இன்னவை என்று அறியப்படாத விதையினால் அபூர்வ ஜாதிக்கு நன்மையில்லை.

ஆஸ்டீரியாஸின் காய் உலர்ந்து உடையத் தொடங்கும் தறுவாயில் பறித்துவிடவேண்டும். தாமதித்தால் எறும்புகள் முந்திக்கொள்ளும். தொப்பிபோன்ற அதன் விதை விரைவில் உயிர்ப்பிழப்பதாதலால், புதிதாகவே விதைக்கவேண்டும். விலைக்கு வாங்கும் பழைய விதையைவிட வீட்டு விதை மேலானதற்கு இதுவே முக்கிய காரணம். ஏரியோகார்ப்பஸ் இலையுதிர் காலத்தில் பூத்துக் காயைத் தன் உச்சிப் பஞ்சிலேயே மறைத்துக்கொள்ளும். காய்க்கவில்லையென்று கைவிட்ட செடியின் பஞ்சைச் சில மாதங்கள் கழித்துச் சிறு இடுக்கியால் விலக்கிப் பார்த்தால் விதைகள் கிடைப்பதுண்டு. அஸ்டெக்கியத்தின் விதையோ தூசிதான்; மூச்சுக்காற்றே அதைப் பறக்கடித்துவிடும். எவ்விதையாயினும் சதையை நீக்கி, நிழலில் உலர்த்திக் காகித உறையிலிட்டுப் பெயரும் தேதியும் குறித்துவைக்கவேண்டும்.

சலித்த பொடிக்கல்லும் பருமணலும் மிகுதியாகவும் இலைமக்கு சிறிதளவாகவும் கலந்த மண்ணை ஆவியில் நன்றாக வேகவைத்து ஆறவிடவேண்டும். பின்னர்ச் சிறு சட்டியிலிட்டு, காய்ச்சி ஆறிய நீரில் சட்டியின் அடிப்பாகத்தை வைத்தால் ஈரம் தானே மேலேறும். விதையை மேற்பரப்பில் தூவினாற் போதும்; மண்ணிட்டு மூடலாகாது. சட்டியைக் கண்ணாடி ஜாடியிலோ பாலித்தீன் உறையிலோ காற்றுப் புகாவண்ணம் அடைத்து, வெளிச்சமுள்ள நிழலில் வைக்கவேண்டும். நேர்வெயில் பட்டால் ஒரே பிற்பகலில் உள்ளே யாவும் வெந்துபோம். உஷ்ணம் 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேட் இருத்தல் உத்தமம். புதிய ஆஸ்டீரியாஸ் விதை ஒரு வாரத்திற்குள் முளைக்கும். அஸ்டெக்கியத்திற்குச் சில வாரங்கள் செல்லலாம்.

முளைத்தது கண்டு மகிழ்ந்து மூடியைத் திறப்பவரே பெரும்பாலும் நஷ்டமடைகின்றனர். ஆஸ்டீரியாஸ் நாற்றுக்களைச் சில வாரங்களுக்குப் பின் வெளிக்காற்றிற்குப் பழக்கலாம். அஸ்டெக்கிய நாற்றோ ஓராண்டு சென்றும் குண்டூசித் தலையளவே இருப்பதால், ஓராண்டிற்கு மேலும் அடைப்பிலேயே இருக்கவேண்டும். முன்னரே திறந்தால் மேல்மண் உலர்ந்து, மயிரிழைபோன்ற வேர் கருகும். அதை அஞ்சி அடிக்கடி நீர் தெளித்தாலோ, பச்சைப்பாசி படர்ந்து நாற்றை மூடிவிடும். மண்ணை வேகவைப்பதன் அருமை அப்பொழுதுதான் விளங்கும். திறக்கும்போதும் முதல் நாள் ஊசித்துளை, மறுவாரம் சிறு இடைவெளி என்ற அளவில் நிதானமாகச் செய்தல் வேண்டும். பூஞ்சணம் கண்ட நாற்றை உடனே அகற்றாவிடில் சட்டி முழுவதும் பாழாம்.

பொறுமை குறைந்தோர் பெரெஸ்கியாப்சிஸ் என்னும் இலைக்கள்ளித் தண்டின்மேல் நாற்றை ஒட்டுக்கட்டுவதுண்டு. வளர்ச்சி பன்மடங்கு விரைவுபடும். ஆயினும் செடி ஊதிப் பருத்து இயற்கையுருவை இழக்கும். விதைக்காக மட்டும் வளர்ப்பதாயின் இது ஏற்கத்தக்கதே. சொந்த வேரில் ஏரியோகார்ப்பஸ் பூப்பதற்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகக்கூடும்.

அபூர்வமான விதை முழுவதையும் ஒரே சட்டியில் தூவிவிடாமல், இரண்டு மூன்று சட்டிகளில் பகிர்ந்து, வெவ்வேறிடங்களில் வைத்தல் வேண்டும்.