வெயிலில் வரும் வைன்

கேள்வி: நாசிக் வைனை மும்பை செம்பூரில் வீட்டுக்கே வரவழைப்பது கட்டுபடியாகுமா?

பதில்: 2020 மே மாத ஊரடங்கில்தான் மகாராஷ்டிர அரசு மதுவை வீட்டுக்குக் கொண்டுதரக் கடைகளை அனுமதித்தது. குடிப்பவர் கையில் பெர்மிட் இருக்க வேண்டும் என்பது 1949 மதுவிலக்குச் சட்டத்தின் மிச்சம்.

நாசிக் சுமார் 170 கி.மீ.தான். வில்லங்கம் வெயிலில். வைன் 12–15 டிகிரியில் சுகமாக இருக்கும். மே மாத மும்பையில் நிழலிலேயே 33. மூடிய வேனுக்குள் கேட்கவே வேண்டாம். சூட்டில் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும். புட்டிக் கழுத்தில் பிசுபிசுப்பு தெரியும். பழவாசம் போய் ஜாம் காய்ச்சிய வாடை வரும். அப்படி வந்தால் வாங்காமல் திருப்புவதே மேல்.

ஒரு புட்டியே கண்ணாடியோடு சுமார் ஒன்றேகால் கிலோ இருக்கும். அந்த எடையைச் சுமந்துவர, 800 ரூபாய் வைனுக்குக் குளிர்பெட்டிச் செலவு வீண். பக்கத்துக் கடையின் ஏ.சி. அலமாரி போதும், பெட்டியாக வேண்டுமென்றால் ஜனவரியில் சொல்லலாம்.