பழைய வழியை மூடுமுன் புதிய வழியைத் திறவுங்கள்: அலுவலகப் பிணையத்தைப் பிரித்தமைக்கும் முறை

கணக்கு எழுதும் கணினி, பில் அச்சிடும் இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, விருந்தினருக்கான வைஃபை ஆகிய அனைத்தும் ஒரே ஸ்விட்சில் ஒன்றாக இணைந்திருப்பதைப் பல நிறுவனங்களில் காண்கிறோம். இணையவழி வங்கிச் சேவைக்குப் பயன்படும் கணினியும், யாரோ ஒருவர் கொண்டுவந்த கைப்பேசியும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பதற்கு இது ஒப்பாகும்.

இவற்றைத் தனித்தனியே பிரிக்க உதவுவது வி-லேன் எனப்படும் மெய்நிகர் உள்ளகப் பிணையம். ஒரே பேரேட்டில் பல கணக்குத் தலைப்புகளை வைப்பதுபோல, ஒரே ஸ்விட்சில் பல பிணையங்களை இது அமைக்கிறது. 1 முதல் 4094 வரையிலான எண்களை வி-லேன்களுக்கு இடலாம். பெரும்பாலான ஸ்விட்சுகள் அனைத்துப் போர்ட்டுகளையும் வி-லேன் 1இல் வைத்தே விற்பனைக்கு வருகின்றன.

மூன்று தளங்களில் மூன்று ஸ்விட்சுகள் உள்ள அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவுக்கு 10, கேமராக்களுக்கு 30, விருந்தினருக்கு 40, ஸ்விட்சுகளின் நிர்வாகத்துக்கு 99 என எண்ணிடலாம். முகவரியின் மூன்றாம் பகுதியிலும் அதே எண்ணை வைத்தால் (192.168.10, 192.168.30 என்றவாறு) பின்னாளில் குழப்பம் நேராது.

வரிசை முக்கியம்

ஸ்விட்சுக்குள் நுழைந்து அமைப்புகளை மாற்றப் பயன்படும் முகவரியே நிர்வாக முகவரி. அந்த முகவரியின் வழியே நுழைந்துகொண்டு, அதையே முதலில் மாற்றிவிடுவது நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுவதாகும். தொடர்பு அறுந்துவிட்டால் அலுவலகப் பணி நின்றுபோகக்கூடும். ஆகவே பின்வரும் வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

1. எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி உள்ளது என்று பட்டியலிடுங்கள். இப்போதைய அமைப்புகளின் நகலைக் கணினியில் சேமியுங்கள்.

2. புதிய வி-லேன்களை எல்லா ஸ்விட்சுகளிலும் உருவாக்குங்கள். ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் டிரங்க் போர்ட்டுகளில் அவற்றை அனுமதியுங்கள். இணைப்பின் இரு முனைகளிலும் அமைப்பு ஒன்றாக இருத்தல் வேண்டும்.

3. உங்களுக்கு மிகத் தொலைவில் உள்ள ஸ்விட்சுக்கு முதலில் புதிய நிர்வாக முகவரியைக் கொடுங்கள்; பழையதை நீக்காதீர்கள். புதிய முகவரி வழியே நுழைந்து சரிபார்த்த பின்பே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரே முகவரியை மட்டும் ஏற்கும் ஸ்விட்சாயின், அதன் அருகிலேயே அமர்ந்து கன்சோல் கேபிள் வழியாக மாற்றுங்கள்.

4. கருவிகளின் போர்ட்டுகளை ஒவ்வொரு பிரிவாக, வேலை நேரத்துக்குப் பின் மாற்றுங்கள். நிலையான முகவரி கொண்ட அச்சுப்பொறிகளுக்குப் புதிய முகவரியைக் கையால் இடவேண்டும். இதை மறந்தால் மறுநாள் காலையில் பில் அச்சாகாது.

5. அனைத்தும் இயங்குவதை உறுதிசெய்த பின் பழைய நிர்வாக முகவரிகளை நீக்குங்கள்.

பல ஸ்விட்சுகளில் மாற்றங்களைச் சேமிக்காதவரை, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும். எனவே சோதித்த பின்பே சேமியுங்கள். சில வகைகள் மாற்றத்தை உடனே சேமித்துவிடும் என்பதால், தொடங்குமுன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்தால் மட்டும் போதாது

வி-லேன்களுக்கிடையே போக்குவரத்தை நடத்துவது ரவுட்டர். அது எல்லாவற்றையும் அனுமதித்தால், இடையில் சுவர் எழுப்பிக் கதவுகளைத் திறந்து வைத்தது போலாகும். விருந்தினர் பிரிவிலிருந்து இணையத்துக்கு மட்டுமே வழி இருக்கட்டும். வி-லேன் 99க்குள் நிர்வாகியின் கணினி மட்டுமே நுழையட்டும். ஸ்விட்சுடன் வந்த கடவுச்சொல்லையும் மறவாமல் மாற்றுங்கள்.

இறுதியாக, முகவரிகளையும் போர்ட் பட்டியலையும் அச்சிட்டு, கடவுச்சொற்களுடன் உறையிலிட்டு, பெட்டகத்தில் உரிமையாளரே வைத்திருத்தல் நன்று. தொழில்நுட்பப் பணியாளர் மாறினாலும் அலுவலகத்தின் சாவி உங்களிடமே இருக்கும்.