கிரேத்தா ஆயர்: மறைந்த தொகுதி, மறையாத பெயர்

சைனாடவுனைச் சீனர்கள் 'நியூ செ ஷுய்' என்று அழைப்பர். மலாய் மொழியில் அவ்வட்டாரத்தின் பெயர் 'கிரேத்தா ஆயர்'. இரு பெயர்களும் வண்டியில் வந்த தண்ணீரைக் குறிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆன் சியாங் குன்றை ஒட்டியிருந்த கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகளில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதனால் வந்த பெயர் முதலில் ஒரு சாலைக்கும் பின்னர் ஒரு தேர்தல் தொகுதிக்கும் சூட்டப்பட்டது. சாலை இன்றும் இருக்கிறது. அத்தொகுதி தனித்தொகுதியாக இன்று இல்லை.

சிங்கப்பூரின் முதல் தேர்தல் 1948இல் நடைபெற்றது. அப்போது பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. தீவில் 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தபோதும், வாக்காளராகப் பதிந்துகொண்டோர் ஏறத்தாழ 22,000 பேரே. சீனாவில் பிறந்து சைனாடவுனில் உழைத்த பலருக்கு வாக்குரிமை இல்லை.

1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பல்லாண்டுகள் இங்கு வாழ்ந்த, வெளிநாட்டில் பிறந்தோரும் குடிமக்களாகும் வாய்ப்பைப் பெற்றனர். 1959 பொதுத்தேர்தலில் வாக்களிப்பு கட்டாயமாயிற்று. வாக்காளர் எண்ணிக்கை 5 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. அத்தேர்தலின் 51 தொகுதிகளுள் கிரேத்தா ஆயரும் ஒன்று. அங்கு வென்ற டாக்டர் கோ கெங் சுவீ நிதியமைச்சரானார். ஜூரோங் தொழிற்பேட்டை உருவாக வழிவகுத்த அவர், 1984 வரை அத்தொகுதியைப் பிரதிநிதித்தார்.

அக்காலத்தில் கடைவீடுகளின் சிறு தடுப்பறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய நகரங்களைக் கட்டியதும் பலர் தோ பாயோ, அங் மோ கியோ போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தெருவோர வியாபாரிகள் 1983இல் சைனாடவுன் கட்டடத்தொகுதிக்கு மாறினர். நகர மையத்தில் குடியிருப்போர் குறைய, புதிய நகரங்களில் வாக்காளர்கள் பெருகினர். அதற்கேற்பத் தொகுதி எல்லைகளும் மாற்றி வரையப்பட்டன.

1988இல் குழுத்தொகுதி முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவராவது இடம்பெற வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் கிரேத்தா ஆயரும் குழுத்தொகுதிக்குள் சேர்க்கப்பட்டது. இன்று அவ்வட்டாரம் ஜாலான் புசார் குழுத்தொகுதியின் ஒரு பகுதி. லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள ஒரு சாலையின் பெயரைத் தாங்கிய தொகுதியில் கிரேத்தா ஆயர் மக்கள் வாக்களிக்கின்றனர்.

இம்மாற்றத்தால் சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதியாகிறது. ஆயினும், ஒரு சிறிய வட்டாரத்தின் குரல் பெரிய தொகுதியில் தனித்துக் கேட்குமா என்னும் கேள்வியும் எழுகிறது. எல்லைக்கோடு எங்கு வரையப்பட்டாலும், தம் வட்டாரத்தின் தேவைகளை எடுத்துச்சொல்லும் பொறுப்பு அங்கு வாழும் மக்களுக்கு உண்டு.

சிந்தித்துப் பேசுக

1. கிரேத்தா ஆயர் தொகுதி தோன்றவும் மறையவும் காரணங்கள் யாவை?
2. உம் வட்டாரம் வேறொரு தொகுதியுடன் இணைக்கப்பட்டால், அங்கு வாழ்வோருக்கு ஏற்படும் நன்மையும் இழப்பும் எவை?