லண்டன் போற தங்கச்சிக்கு

"காலைல 5:30க்கு சென்னைல ஏறினா 11 மணிக்கெல்லாம் லண்டன், அஞ்சரை மணி நேரம்தானேக்கா"ன்னு கேட்டியே, அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன். டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். நீ போற நவம்பர்ல லண்டன் நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அங்கே காலை 11 மணின்னா நம்ம வீட்டுல சாயங்காலம் 4:30. ஆக, மொத்தம் 11 மணி நேரப் பயணம். மார்ச் கடைசி ஞாயிறுலேருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க. அப்போ வித்தியாசம் நாலரைதான். ரெண்டு நேரத்தையும் ஒரே ஊர்க் கணக்குக்கு மாத்திட்டு அப்புறம் கழிச்சுப் பாரு.

தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்தா 9 மணி நேரம் சொச்சம்தானே வருது? விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போறதும், இறங்கினப்புறம் வாசலுக்கு வந்து நிக்கிறதும் டிக்கெட் நேரத்துல சேர்த்தி. சண்டை நடக்கிற நாடுகளை ஒதுங்கிப் போனா இன்னும் கூடும். எல்லாத்தையும்விட முக்கியம் காத்து. அவ்வளவு உயரத்துல மேற்கேயிருந்து கிழக்கே பலமா அடிக்கும். ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க. போறப்போ அது எதிர்க்காத்து. திரும்பி வர்றப்போ அதே காத்து பின்னாடியிருந்து தள்ளும், பயண நேரம் குறையும்.

துபாய் வழியா போனா ரொம்ப சுத்துன்னு அம்மா சொல்றாங்க. இல்லை. சென்னை–துபாய் சுமார் 2,900, துபாய்–லண்டன் சுமார் 5,500. கூட்டிப் பாரு, 200 கிலோமீட்டர்தான் கூடுது. நேரம் போறது துபாய்ல காத்திருக்கிறதுலதான். அதுக்காக ஒரு மணி நேர இடைவெளி இருக்கிற டிக்கெட்டைப் பார்த்து ஆசைப்படாதே, மூணு மணி நேரமாவது இருக்கட்டும். ரெண்டு தனித்தனி டிக்கெட்டா வாங்கவே வாங்காதே. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டா, காசு உன்னோடது.

தேதி விஷயத்துல ரொம்ப கவனமா இரு. 15ஆம் தேதி காலை 5:30 விமானம்னா மீனம்பாக்கத்துல 2:30க்கே நிக்கணும். வேலூர்லேருந்து மூணு மணி நேரமாகும். அப்போ வீட்டைவிட்டுக் கிளம்புறது 14ஆம் தேதி ராத்திரி 11:30 மணிக்குத்தான் வரும். நம்ம சித்தப்பா இப்படித்தான் நடுராத்திரி விமானத்துக்கு ஒரு நாள் கழிச்சுப் போய் நின்னார். பெட்டியோட வாசல்ல திரும்பி வந்து உக்கார்ந்தாரே, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கலை.

நீ இறங்குற நேரத்தை நம்மூர்க் கணக்குல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போ. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எல்லாம் முடிய ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம், அதனால 6:30க்கு மேலதான் போன் வரும்னு அப்பாகிட்ட இப்பவே சொல்லி வை. இல்லேன்னா 4:30லேருந்து போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பார்.